கேள்வி – பதில்: 28 ஆண்டு தலைவர், ஒரு நாள்கூட அமைச்சர் இல்லை

கே: நார்வேயில் கார்ல் ஐ. ஹாகன் 1978 முதல் 2006 வரை முன்னேற்றக் கட்சித் தலைவராக இருந்தார். அப்படியும் அமைச்சராகவில்லையே, ஏன்? (வாசகர், கும்பகோணம்)

ப: இடங்களைக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1977 தேர்தலில் 1.9 சதவீத வாக்கு, ஓர் இடமும் இல்லை. அந்த நிலையில்தான் ஹாகன் பொறுப்பேற்றார்.

1985-இல் நாடாளுமன்றத்துக்கு 157 இடங்கள். பிரதமர் கோரே வில்லொக்கின் மூன்று கட்சிக் கூட்டணிக்கு 78, தொழிலாளர் கட்சிக்கும் சோஷலிச இடதுசாரிகளுக்கும் சேர்த்து 77. மீதி 2 இடம் ஹாகன் கட்சிக்கு! அடுத்த ஆண்டு கச்சா எண்ணெய் விலை சரிந்தது. வில்லொக் பெட்ரோல் வரியை உயர்த்த முயன்று, அது தோற்றால் பதவி விலகுவேன் என்று அதை நம்பிக்கைப் பிரச்சினையாக்கினார். வரிக் குறைப்புக்காகவே பிறந்த கட்சி அதற்கு எப்படிக் கை தூக்கும்? எதிர்த்தது, அரசு கவிழ்ந்தது. நார்வேயில் நாடாளுமன்றத்தை இடையில் கலைக்க அரசியல் சட்டம் இடம் தராது. ஆகவே மறுதேர்தல் இல்லாமலே, 71 இடங்களை வைத்துக்கொண்டு தொழிலாளர் கட்சியின் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் பிரதமரானார். அவரது 18 பேர் அமைச்சரவையில் 8 பேர் பெண்கள். வலதுசாரி வாக்காளர் பலர் ஹாகனைக் குறை சொன்னார்கள். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார் என்பதே என் கருத்து.

1989-இல் 165-க்கு 22 இடம். 62 இடம் வைத்திருந்த மூன்று கட்சிகள் இந்த 22-ஐச் சேர்த்து 84 ஆக்கித்தான் ஆள முடிந்தது. 2001-இலும் அதே 62. வெளியிலிருந்து தாங்கியவை ஹாகனின் 26. குடியேற்றம் பற்றிய அவர் பேச்சை ஏற்காத நடுநிலைக் கட்சிகள் அவரோடு அமைச்சரவையில் அமர மறுத்தன. ஆதரவு வேண்டும், ஆள் வேண்டாம். அந்தத் தயக்கத்துக்கு அவரே காரணமும் தந்திருந்தார்: 1987 பிரசாரத்தில், முஸ்லிம் குடியேறி ஒருவர் எழுதியதாக அவர் மேடையில் வாசித்த கடிதம் போலி என்று வெளிப்பட்டது. அந்த உள்ளாட்சித் தேர்தலில் கட்சி பெருவெற்றி பெற்றது உண்மை. அந்தக் கறையும் உண்மை.

2005-இல் 169-க்கு 38 இடம் பெற்றும் பயனில்லை, இடதுசாரிக் கூட்டணி 87 வாங்கிவிட்டது. ஹாகனுக்குக் கிடைத்தது நாடாளுமன்றத் துணைத் தலைவர் பதவி. அவருக்குப் பின் தலைவரான சீவ் யென்சன், 2013-இல் வெறும் 29 இடத்தோடு நிதியமைச்சரானார்!

கே: 1994-இல் கட்சி ஏன் உடைந்தது?

ப: தாராளவாத இளைஞர் அணிக்கும், குடியேற்ற எதிர்ப்பை முன்னிறுத்திய அணிக்கும் ஒத்துப்போகவில்லை. பூல்கெஷோ மாநாட்டில் ஹாகன் இரண்டாவது அணியின் பக்கம் நின்றார். கட்சியின் 10 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 4 பேர் வெளியேறினர். 1997-இல் இடங்கள் 25 ஆயின.

கே: நோபல் குழுவில் அவர் சேர்க்கப்படாதது ஏன்?

ப: அமைதி நோபல் பரிசைத் தேர்வு செய்யும் குழுவை நியமிப்பது நார்வே நாடாளுமன்றம். 2017-இல் கட்சி அவரை முன்மொழிந்தபோது அவர் நாடாளுமன்றத்தின் மாற்று உறுப்பினர் (உறுப்பினர் வராதபோது அவர் இடத்தில் அமர்பவர்). பதவியில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாற்று உறுப்பினர்களும் குழுவில் இருக்கக் கூடாதென நாடாளுமன்றம் விதியை இறுக்கியது. 2021-இல், 77 வயதில், ஒப்லாண்ட் மாவட்டத்திலிருந்து மறுபடி முழு உறுப்பினராகத் தேர்வானார்.