கிராஃப்ட்ஸ்மேன் வேறு, பங்களா வேறு: மேற்படிப்புக்குத் தயாராகும் மாணவிக்கு

பி.ஆர்க் முடித்ததும் அமெரிக்காவில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு படிக்க நினைக்கிறாய், நல்ல முடிவும்மா. ஆனால் உன் போர்ட்ஃபோலியோவில் கலிஃபோர்னியா வீடுகள் எல்லாவற்றையும் ‘கிராஃப்ட்ஸ்மேன்/பங்களா’ என்று ஒரே தலைப்பில் போட்டிருக்கிறாய். விண்ணப்பிக்கும் முன் அதைப் பிரித்துவிடு.

பங்களா என்பது வீட்டின் வகை. ஒரு தளம், மிஞ்சினால் கூரைக்குள் அரைத் தளம், தாழ்ந்த கூரை, முன்னால் அகலமான வராந்தா. கிராஃப்ட்ஸ்மேன் என்பது கட்டும் விதம். அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் குஸ்டாவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ இதழ் பரப்பிய சிந்தனை அது. விக்டோரிய காலத்து ஒட்டு அலங்காரங்களை விட்டுவிட்டு, மரத்தையும் அதன் இணைப்பையும் மறைக்காமல் காட்டுவார்கள். இறவாரத்துக்கு வெளியே நீளும் கைமரங்களையும், உள்ளே சுவரோடு சேர்த்துச் செய்த பெஞ்சுகளையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டும் சேர்ந்திருக்கும் வீடுகள் ஏராளம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரில் கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908இல் வடிவமைத்த கேம்பிள் வீட்டை எடுத்துக்கொள். கூடத்தில் பர்மா தேக்கு, விளிம்புகள் எல்லாவற்றிலும் கைவேலைப்பாடு தெரியும் மரவேலை. கிராஃப்ட்ஸ்மேன் சிந்தனையின் உச்சம் என்றே நான் சொல்வேன். ஆனால் அது மூன்று தள மாளிகை. ‘அல்டிமேட் பங்களா’ (பங்களாவின் உச்சம்) என்று அழைத்தாலும் அளவில் பங்களா இல்லை. இன்னொரு பக்கம், சிகாகோவில் 1910 முதல் 1940 வரை கட்டிய செங்கல் பங்களாக்கள் சுமார் 80,000. பங்களா என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த மரவேலை வெளியே தெரியாது.

உன் துறையில் இந்த வேறுபாட்டுக்கு நேரடிப் பயன் உண்டு. கேம்பிள் வீட்டில் காப்பாற்ற வேண்டியது மரமும் இணைப்பும். அதே பாசடேனாவில் 1989 முதல் பாதுகாக்கப்படும் ‘பங்களா ஹெவன்’ பகுதியில் வீடுகளின் வரிசையும் உயரமும் வராந்தாவும்கூட முக்கியம். ஒரு வீட்டின் முன்பக்கம் மாடி எழுப்பினாலே தெருவின் தோற்றம் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் வகை, கட்டும் விதம் இரண்டையும் தனித்தனியே எழுது. அப்புறம், இறவாரத்தின் வெட்டுத்தோற்றம் ஒன்றை நீயே கையால் வரைந்து சேர்.

அப்பாவிடமும் ஒன்றைச் சொல்லிவிடு. கட்டடப் பாதுகாப்பில் வாங்கும் முதுகலைப் பட்டம் மட்டும் இருந்தால் பொதுவாக அங்கே ஆர்கிடெக்ட் உரிமத்துக்குப் போதாது. உரிமமும் வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க்கோடு (கட்டடக்கலை முதுகலைப் பட்டம்) இதைச் சேர்த்துப் படிக்க இடம் தரும் பல்கலைக்கழகங்களை இப்போதே தேடுங்கள்.