பாப்பாவுக்கு ஞாபகம் இருக்குமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேவிபட்டினம் பக்கம் ஒரு கிராமம். மனைவிக்கு மண்டபம். மாமனார் விசைப்படகில் போகிறவர். மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்திருக்கிறது. இந்த 2025இல்தான் எதையும் தவறவிடாமல் ஊருக்கு வந்தோம். பொங்கல், மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில், மே மாதம் மண்டபத்தில் தங்கல், ஆடி அமாவாசைக்கு வீட்டு வழக்கப்படி சேதுக்கரை, அப்புறம் தீபாவளி. கோடையில் சிங்கப்பூரில் இருந்து அண்ணன் குடும்பமும் வந்துவிட்டதால் ரொம்ப காலத்துக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகக் கூடினோம். புதுப் பாம்பன் பாலத்தில் மகளை ரயிலில் கூட்டிப்போனோம். தனுஷ்கோடியில் பிறந்து, 1964 புயலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்த என் அப்பத்தா எண்பதை நெருங்குகிறார். அவர் மடியில் பாப்பாவை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தோம்.

ஆபீஸ் நண்பர்கள், 'இதில் ஒன்றுகூட குழந்தைக்கு ஞாபகம் இருக்காது, லீவும் காசும்தான் வீண், பெரியவளானதும் கூட்டிப்போனால் போதாதா' என்கிறார்கள். பாப்பா புது முகம் பார்த்தால் அழுகிறாள். மனைவிக்கும் அலைச்சல். அடுத்த வருடம் பாதியாகக் குறைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இந்தக் கடற்கரையிலேயே இருக்கிற நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., ஓசூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஞாபகம் இருக்காது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தி நடந்ததைத் தெளிவாகச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டதையே தன் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இதை வைத்து அவர்கள் போடும் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. ஞாபகம் இருக்காது என்பதற்காக யாரும் கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடாமல் இருப்பதில்லை.

இந்த வயதுக் குழந்தை ஒரு ஊரைப் பழகிக்கொள்வது உடம்பால். ஈர மணலில் கால் பதிய நடப்பது, கருவாட்டு வாசனைக்கு முகம் சுளிக்காமல் இருப்பது, எந்த வீட்டுப் படி உயரம், எந்தத் திண்ணையில் நாய் படுத்திருக்கும் என்று தெரிந்திருப்பது எல்லாம் அப்படி வருபவைதான். இதெல்லாம் ஒரே இடத்துக்குப் பல தடவை வந்தால்தான் கைகூடும். பத்து ஊரை ஒரு தடவை பார்ப்பதைவிட ஒரே ஊரைப் பல பருவத்தில் பார்ப்பது மூன்று வயதுக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு நம் கரையைவிடத் தோதான இடம் குறைவு. காற்று மாறினால் கடலே மாறிவிடும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊருக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீச ஆரம்பித்தால் தென்கடல் அலையடித்துக் கிடக்கும், வடகடல் குளம் மாதிரி இருக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் பக்கம் குழந்தையைக் கொண்டுபோய் விளையாட விடலாம். மேயில் கால் நனைத்த தண்ணீரைத் தீபாவளிக்கு வந்து பார்த்து உங்கள் மகள் பயந்திருப்பாள். பயப்படட்டும். கடலுக்குக் கோபம் வரும் மாதங்களும் உண்டு என்று தெரிந்துகொள்ள அதைவிடப் பாடம் கிடையாது.

மே மாதத்தில் உங்களுக்கு இன்னொன்றும் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மற்ற மாதங்களில் பேத்தி தூங்கும் நேரத்தில் புறப்பட்டு, அவள் தூங்கும் நேரத்தில் திரும்புகிற தாத்தா, அப்போது பகலெல்லாம் வீட்டில் இருப்பார். வருமானம் இல்லாத மாதங்கள், அதன் கஷ்டம் வேறு. ஆனால் வலைக்கொட்டகையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் தன் கால் விரலில் ஒரு நூலை மாட்டிக்கொண்டு இழுத்துப் பார்க்கும். இங்கே கோடையில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வருவது இந்தக் கரையின் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரு நல்ல விஷயம். அந்த மாதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

ரயிலில் கூட்டிப்போனதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அது பெரிய சந்தோஷம். உங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, 2022 டிசம்பரில், பழைய பாலத்தில் ரயில் நின்றது. 1914இல் திறந்த பாலம் அது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே இல்லை. கப்பல் போக வேண்டும் என்றால் இப்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. அடுத்த தடவை தூக்கும் நேரம் விசாரித்துக்கொண்டு ரோட்டுப் பாலத்தில் இருந்து காட்டுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் நான் ரொம்ப நேரம் நின்ற இடம் வேறு. 'மனைவிக்கும் அலைச்சல்' என்று இரண்டே சொல்லில் கடந்துவிட்டீர்கள். ஒன்றுகூடல் என்று நாம் சந்தோஷமாகச் சொல்வதில் பாதி, பெண்களுக்கு அடுப்படியில் கழிகிறது. நண்டைக் கழுவி உடைத்து, இருபது பேருக்குக் குழம்பு வைத்து, நடுவில் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டி, கடைசியில் தான் சாப்பிடும்போது மணி மூன்றாகிவிடும். மறுநாள் அடுத்த வீடு. 'வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமல் போனார்கள்' என்று சொல்லிவிடுவார்களே என்று ஒரே நாளில் நாலு வாசல் ஏறி இறங்குவோம். ஒவ்வொரு வாசலிலும் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவார்கள், அது வீறிடும், 'ஏன் இப்படி வளர்த்திருக்கிறாய்' என்று தாயைக் கேட்பார்கள்.

குறைக்க வேண்டியது அதைத்தான். வருவதைக் குறைக்க வேண்டாம், ஏறி இறங்கும் வீடுகளைக் குறையுங்கள். நாலு வீட்டில் ஒவ்வொரு ராத்திரி தங்குவதற்குப் பதில் ஒரே வீட்டில் நாலு ராத்திரி தங்குங்கள். பார்க்க வேண்டியவர்கள் அங்கே வரட்டும். சித்தி, பெரியம்மா வருத்தப்பட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள், மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள். அழுகிற குழந்தையை யார் மடிக்கும் மாற்றாதீர்கள். முதல் நாள் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கும், மூன்றாம் நாள் தானே போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்றாம் நாள் வருவதற்குள் நீங்கள் பெட்டியைக் கட்டிவிடுகிறீர்கள், அதுதான் பிரச்சினை. ஆண்கள் ஒரு வேளைக்காவது மீன் கழுவுங்கள். அண்ணன் சிங்கப்பூரில் இருந்து வந்தவர் என்றாலும் அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆடி அமாவாசைக்குக் குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கருத்து. சேதுக்கரை தென்கடல் பக்கம், ஆடியில் கச்சான் உச்சத்தில் இருக்கும், ஜனம் அலைமோதும். திதி கொடுக்கிறவர் மட்டும் போய் வந்தால் போதும்.

பெரியவளானதும் கூட்டிப்போகலாம் என்பவர்கள் குழந்தையின் வயதை மட்டும்தான் பார்க்கிறார்கள். பாப்பாவுக்குப் பத்து வயது கட்டாயம் வரும், தம்பி. அப்போது அப்பத்தா இருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலை நேரில் அறிந்தவர்கள், விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்கள், இப்போது எழுபதைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். மடியில் உட்காரவைத்து எடுத்த போட்டோ நல்லது. ஆனால் குரல் வேண்டும். ஸ்டேஷன் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே, கப்பல் ஏறும் இடம் எங்கே, என்ன மீன் வாங்கினார்கள், யாரோடு விளையாடினார் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். 'புயலைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்வதையே சொல்வார். செல்போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

முடிந்தால் வருகிற தையிலோ மாசியிலோ அவரையும் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போங்கள். 2017 முதல் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, காரிலேயே போகலாம், மணலில் அவரை நடத்த வேண்டியதில்லை. பெரும்பாலான வருடங்களில் அந்த மாதங்களில் கோதண்டராமர் கோயில் பக்கத் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும், பாப்பாவுக்குக் காட்டலாம். அந்த இடத்தை 2025 ஜூனில் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறார்கள். விடியற்காலையில் புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், அங்கே நிழல் கிடையாது. முனையில் நீரோட்டம் பலமாக இருக்கும், குழந்தையின் கையை விடாதீர்கள். குடிதண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா