சங்கு வளையும் மஞ்சள் நூலும் – கடிதம்

வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரைப் பையனும் கொல்கத்தாப் பெண்ணும் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் அந்த நாவலைப் பலரும் புகழ்ந்ததால் வாங்கினேன். என் மகனும் ஒரு வங்காளப் பெண்ணைத்தான் விரும்புகிறான், அதனால் கூடுதல் ஆவல். பாதிக்கு மேல் இழுத்துப் பிடித்துத்தான் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் மல்லிகைப் பூ, ஜிகர்தண்டா, ரசகுல்லா. இருநூறு பக்கம் முறைத்துக்கொண்டிருந்த பையனின் அம்மா, அந்தப் பெண் சேலை கட்டிக் கோயிலுக்கு வந்ததும் மனம் மாறிவிடுகிறார். ஜனரஞ்சக நாவல் என்றால் இவ்வளவுதானா? நான்தான் தப்பாகப் படிக்கிறேனா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. நானும் அதைக் கடைசிவரை படித்து ஏமாந்தேன். நாவலின் பெயரை எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை இங்கே தருகிறேன். இந்தக் குறை அந்த ஒரு புத்தகத்தோடு நிற்பதில்லை.

ஜனரஞ்சகம் என்பதில் எனக்குப் பிணக்கு இல்லை. தொடர்கதைக்காக வாரப் பத்திரிகையை எதிர்பார்த்துக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். வேகமாக ஓடும் கதையிலும் ஓர் அம்மாவின் மனம் எப்படி இளகியது என்று காட்டிவிட முடியும். இந்த நாவலில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது 'முடியாது' என்று ஒரு வசனம், 'சரி' என்று ஒரு வசனம். நடுவே அவருக்குள் என்ன நடந்தது என்பது எழுதப்படவே இல்லை.

மதுரை செல்லூரில் எங்கள் பெரியம்மா வீட்டுக்கு ஒரு வங்காளத்து மதினி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டது, "பொண்ணு என்ன ஆளுக?" பெங்காலி என்று சொன்னால் விடமாட்டார்கள். "அது ஊரு. ஆளுக என்னன்னு கேட்டேன்." நாவலின் முந்நூறு பக்கத்தில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. மதுரைச் சீமையில் நடக்கும் கல்யாணக் கதையில் சாதிப் பேச்சே வராமல், எதிர்ப்பெல்லாம் கடுகெண்ணெய் வாசனைக்காகத்தான் என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மதினியின் கழுத்தில் நம் வழக்கப்படி தாலி, கையில் அவர்கள் வழக்கப்படி வெள்ளைச் சங்கு வளையும் சிவப்புப் பவள வளையும். ஒருநாள் அம்மியில் பட்டு சங்கு வளை விண்டுபோனது. அவர் அழுத அழுகையிலேயே பெரியம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கல்யாணமான பெண்ணின் கைவளை உடைந்தால் நமக்கும் பதறும்தானே? அன்று சாயங்காலமே புதுமண்டபத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை. ராமேசுவரம் போன ஒருவரிடம் சொல்லிவிட்டு வரவழைத்தார். வந்தது அளவில் பெரிது. தொளதொளத்த மோதிரத்துக்கு நூல் சுற்றுவோமே, அதுபோல உள்பக்கம் மஞ்சள் நூல் சுற்றி அவரே மாட்டிவிட்டார். அந்த வருஷம் சித்திரையில் மீனாட்சி கல்யாணத்தன்று, தனக்கு வாங்கிய தாலிக்கயிற்றோடு மருமகளுக்கும் ஒன்று வாங்கி வந்தார்.

அன்று கடைகளில் கிடைக்காத அந்த வளை இந்த ஊருக்குப் புதிதல்ல. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இவ்வூர்க் கைவினைஞர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் 'கோடு போழ் கடைநரும்' என்கிறார். சங்கை அறுத்து வளை கடைகிறவர்கள் அவர்கள். கீழடியிலும் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. நம் பெண்கள் அதை மறந்த காலத்திலும், மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு, வளை அறுப்பதற்காக வங்காளத்துக்குக் கப்பலேறியது. மதினி போட்டுக்கொண்டு வந்த வளைகூடத் தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்காக இருந்திருக்கலாம். நாவலின் கதாநாயகி கையிலும் அது இருக்கிறது. 'வெள்ளை வளையல்' என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டு ஆசிரியர் ஜிகர்தண்டாக் கடைக்குப் போய்விடுகிறார். எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகனின் கல்யாணத்தைத் தாய் பார்க்கக் கூடாது என்பது வங்காளத்துப் பழைய வழக்கம். மாப்பிள்ளையை வழியனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். நம் பக்கத்தில் தாய் மணமேடையில் நிற்காமல் ஒரு கல்யாணம் நடக்குமா? இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து இதைப் பேசித் தீர்க்கும் ஓர் இரவை எழுதியிருந்தால், அந்த அம்மா யார் என்று நமக்குத் தெரிந்திருக்கும். நாவலில் கல்யாணமே ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு பக்கம் சாப்பாடு.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு சீக்கிரமே வரும். கல்யாணம் கொல்கத்தாவில், அவர்கள் முறைப்படி என்று முடிவானால் நீங்கள் போவீர்களா, திருமங்கலத்திலேயே இருப்பீர்களா? மகனையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்து இப்போதே கேட்டுவிடுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.