அழகர் உடுப்பும் அம்மாவின் சுங்குடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக மகனுக்கு நேர்ந்துகொண்டு, சிவப்பு வெல்வெட்டில் மஞ்சள் சாட்டின் ஓரம், ஜரிகை, கண்ணாடி வைத்து உடுப்பு தைத்து வாங்கினோம். திருவிழா முடிந்ததும் சோப்புத்தூளில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். சிவப்பு இறங்கி மஞ்சள் ஓரமெல்லாம் திட்டுத்திட்டாகிவிட்டது. அடுத்த சித்திரைக்கும் அவனுக்கு அதுதான். என்ன செய்யலாம்?
– வாசகி, செல்லூர்

பதில்: ஊறவைத்ததில்தான் வந்தது வினை. மீனாட்சியம்மன் கோயில் புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் தைத்துக்கொடுக்கும் இந்த உடுப்பு, அன்றாடச் சட்டை மாதிரி கிடையாது. ஒரே உடுப்பில் மூன்று நான்கு வகைத் துணி இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சாயம், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி சுருங்கும். அதனால் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் உள்பக்கத் தையலோரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். அதில் சிவப்பு ஒட்டினால் அந்த உடுப்பை முழுசாக நனைக்கவே கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, வியர்வை பட்ட அக்குள், கழுத்து இரண்டையும் மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். அதையும் அன்றைக்கே செய்துவிட வேண்டும், வியர்வை காய்ந்துபோனால் கறையும் வாடையும் தங்கிவிடும்.

சாயம் ஒட்டவில்லையா, சரி, நிறையப் பச்சைத்தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு இரண்டு மூன்று நிமிடம் அலசுங்கள், போதும். முறுக்கிப் பிழியாதீர்கள். பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், அப்புறம் கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக்கனம் தோள்பட்டையை இழுத்துவிடும். கண்ணாடி தைத்ததா, பசை போட்டு ஒட்டியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒட்டியது என்றால் தண்ணீரில் கழன்று வந்துவிடும். வெல்வெட்டின் மேல்பக்கம் இஸ்திரிப்பெட்டியே படக்கூடாது, அந்த முடி படுத்துப்போனால் மறுபடி நிமிர்த்துவது பெரும்பாடு. குளியலறையில் வெந்நீர் ஆவி பறக்கும்போது சற்று நேரம் மாட்டி வைத்தாலே சுருக்கம் தளரும்.

ஏற்கெனவே ஏறிய சிவப்புக்கு பிளீச் வேண்டவே வேண்டாம், அது மஞ்சளையும் சேர்த்து வெளுத்துவிடும். மஞ்சள் ஓரத்தை மட்டும் பிரித்துப் புதுசாக வைத்துத் தரச் சொல்லுங்கள். கையால் தைத்த உடுப்பில் இது முடியும். இன்னொன்று, உள்ளே கொடுக்கிற பருத்தி லைனிங் துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் நனைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி பொம்மிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை. சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது! பயந்துபோனேன்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: பயப்படாதீர்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்குமே, அதேதான், சோப்பின் காரம் அந்த வேலையைச் செய்கிறது. நன்றாக அலசுங்கள், மறுபடி மஞ்சளாகும். பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, ஓரிரு நாளில் வெளுத்துவிடும்.

கேள்வி: அம்மா கட்டிய அரக்குச் சுங்குடிச் சேலை, கைமுடிச்சு போட்டது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்கள். பலமுறை செய்தும் போகிறது. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: உப்பை விட்டுவிடுங்கள். சாயத்தொட்டியில் சாயம் நூலில் ஏற உப்பு உதவும், ஆனால் ஒழுங்காகப் பிடிக்காத சாயத்தை வீட்டில் உப்புப் போட்டு நிறுத்த முடியாது. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை கொஞ்சம் குறைவாக இறங்கும், அடுத்த நாள் நல்ல தண்ணீரில் போட்டால் பழையபடிதான்.

சுங்குடியில் அந்த வெள்ளைப் புள்ளிதான் உயிர். சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நுனிவிரலில் கிள்ளி, நூல் சுற்றி இறுக்கி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். கட்டிய இடத்துக்குள் சாயம் போகாததால்தான் அது புள்ளியாகிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இறங்குகிற சாயம் முதலில் போய் உட்காருவது அந்தப் புள்ளியில்தான். என் அம்மாவின் சேலையை ஒருமுறை வெந்நீரில் முக்கிவிட்டேன், புள்ளியெல்லாம் ரோஸ் நிறமாகிப்போனது, இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்க மனசு வருவதில்லை.

ஆகவே தனியாக, பச்சைத்தண்ணீரில், பூந்திக்கொட்டை ஊறிய நீரை வடிகட்டி ஊற்றி, சட்டென்று அலசி எடுத்துவிடுங்கள். தண்ணீர் சிவந்தால் உடனே மாற்றுங்கள், ஈரமாக மடித்து ஒரு நிமிடம்கூட வாளியில் விடாதீர்கள். நிழலில், உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்துங்கள். உடுத்துகிற அன்று கஞ்சி போட்டுக்கொள்ளலாம், ஆனால் கஞ்சியோடு பெட்டியில் வைக்காதீர்கள், மாவுப்பசைக்கு வெள்ளிப்பூச்சி தேடி வரும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். பழைய சேலை முதலில் கிழிவது மடிப்பில்தான்.