கணக்கெடுப்பில் சொன்ன வீட்டுச் செலவால் ரேஷன் அட்டை பறிபோகுமா?

கேள்வி: கரூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். 2023-24இல் நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புக்காக எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறையாக மூன்று முறை வந்தார்கள். மாமியார், கணவர், நான், மகள் என நான்கு பேரை எழுதிக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகனைச் சேர்க்கவில்லை. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் இப்போது ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டி, "கிராமச் சராசரி 5,701 ரூபாய், உங்கள் வீட்டுச் செலவு 24,000 என்றால் தலைக்கு 6,000 ஆகிறது, அட்டை போய்விடும், மகனைச் சேர்த்தால் தலைக்கு 4,800 ஆகும், 3,000 ரூபாய் கொடுத்தால் மாற்றித் தருகிறேன்" என்கிறார். இன்னொரு கவலையும் உண்டு. கணவர் பக்கத்தில் இருந்ததால், காய்கறிக்கும் எண்ணெய்க்கும் அவரிடம் வழக்கமாகச் சொல்லும் தொகையையே கணக்கெடுக்க வந்தவர்களிடமும் சொன்னேன். அதில் வாரம் 150 ரூபாய் மிச்சம் பிடித்துச் சிறுவாடு சேர்க்கிறேன். இது குற்றமா? இது அவருக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாக் கேள்விகளையும்விட அவசரமானது இதுதான் என்பதால் முதலில் சொல்கிறேன். அந்தக் கணக்கெடுப்பில் நீங்கள் சொன்ன எந்தத் தொகையும் உங்கள் ரேஷன் அட்டையைத் தொடாது. கணக்கெடுப்பில் பதிவானதை மாற்றும் அதிகாரம் அந்த மனிதருக்கு மட்டுமல்ல, தாலுகா அலுவலகத்தில் உள்ள எவருக்கும் கிடையாது.

நாடு முழுவதும் 2,61,953 வீடுகளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு அது. இப்படித் திரட்டும் விவரத்தைப் புள்ளிவிவரப் பணிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் அடிப்படை. என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கு அந்தத் தரவு கிடைக்கும்போது பெயரோ முகவரியோ அதில் இருக்காது. உங்கள் வீடு அதில் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எதிரே அரிசி எத்தனை கிலோ, தக்காளி எத்தனை ரூபாய்க்கு என்று இருக்கும். அது யாருடைய அடுப்படி என்பது எங்களுக்குத் தெரியாது.

5,701 ரூபாய் என்பது 2023-24இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு ஒரு மாதம் ஆன சராசரிச் செலவு. நகரங்களில் அது 8,165 ரூபாய். இது ஒரு சராசரி, அவ்வளவுதான். இதற்கு மேலே செலவு செய்கிறவருக்குச் சலுகை இல்லை, கீழே செலவு செய்கிறவருக்கு உண்டு என்று எந்த விதியும் இதை வைத்து எழுதப்படவில்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டை எல்லாத் தரப்பினருக்கும் பொதுவானது. மாதச் செலவைக் கேட்டு அது வழங்கப்படுவதில்லை. மகளிர் உரிமைத்தொகை போன்ற திட்டங்களுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்று தனி வரம்புகள் உண்டு. அவற்றைச் சரிபார்க்க வரும் அலுவலர் வேறு, உங்கள் வீட்டுக்கு வந்தவர் வேறு.

இந்த இடைத்தரகர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் இவர்கள் முளைத்துவிடுகிறார்கள். மக்கள் மனத்தில் இருக்கும் நியாயமான அச்சத்தை எடுத்து, செய்தித்தாளில் வந்த உண்மையான ஓர் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் இல்லாத தொடர்பை உண்டாக்குவதுதான் இவர்களுடைய தொழில். எண் உண்மை, வகுத்தலும் சரி. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: புள்ளிவிவரக் கணக்கெடுப்புக்கு வருகிறவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார், ஓடிபி கேட்கமாட்டார், "உங்கள் விவரத்தைத் திருத்தித் தருகிறேன்" என்று முடிந்த பிறகு திரும்பி வரவும் மாட்டார். இவற்றில் ஒன்றைச் செய்கிறவர், கழுத்தில் என்ன அட்டை தொங்கினாலும், ஏமாற்ற வந்தவர்தான்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவரை விட்டது பிழை அல்ல, விதி. அரசின் செலவுக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ரத்த உறவோ ரேஷன் அட்டையில் உள்ள பெயர்களோ அல்ல. சேர்ந்து வசித்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இருவர் இருந்தும், தனித்தனியாக உலை வைத்தால் அவர்கள் இரண்டு குடும்பங்கள். எந்த உறவும் இல்லாத வேலையாள் உங்கள் வீட்டிலேயே தங்கி உங்கள் சோற்றைச் சாப்பிட்டால், அவர் உங்கள் குடும்பத்தில் ஒருவர். கணவர் லாரியில் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாலும் அவர் உங்கள் கணக்கில்தான் இருப்பார், ஏனெனில் அது தற்காலிகமாக வெளியே இருப்பது. திருவிழாவுக்கு வந்து பத்து நாள் தங்கும் நாத்தனார் கணக்கில் வரமாட்டார். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, விடுமுறைக்கு விடுமுறை வீட்டுக்கு வந்தாலும், செலவுக்கு நீங்களே பணம் அனுப்பினாலும், விடுதியில் சாப்பிடுகிறவர் என்பதால் தனியாக ஓர் ஆள் கொண்ட குடும்பமாகவே எண்ணப்படுவார். உங்கள் அடுப்பில் வேகாத சோற்றை உங்கள் கணக்கில் எழுதினால், உங்கள் வீட்டு அரிசியை ஐந்து பேருக்குப் பகிர்ந்ததுபோல் ஆகி, நால்வரும் குறைவாகச் சாப்பிடுவதாகத் தவறான முடிவு கிடைக்கும். இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்த விலக்கை அறியாத தாய்மார்கள் "என் பிள்ளையை எடுத்துவிட்டார்கள்" என்று கலங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரேஷன் அட்டையில் அவர் பெயர் அப்படியே இருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சம்பளத்தைக் கேட்காமல் தக்காளியைக் கேட்கிறார்களே என்று பலரும் வியப்பார்கள். கூலி வேலையில் ஒரு மாதம் கிடைக்கும், ஒரு மாதம் கிடைக்காது. விவசாயியின் வருமானம் அறுவடையில் மொத்தமாக வரும். ஆனால் வீட்டில் அடுப்பு தினமும் எரிகிறது. ஆகவே ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை வருமானத்தைவிடச் செலவு தெளிவாகக் காட்டும். காய்கறி, மீன், எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கு, அரிசி பருப்புக்கு 30 நாள், துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் 365 நாள் என்று பிரித்துக் கேட்பது மனித ஞாபகத்தின் அளவை அறிந்து செய்த ஏற்பாடு. உங்கள் அட்டை என்ன வகை என்று கேட்டது எதையும் பறிப்பதற்காக அல்ல. ரேஷன் அரிசி குடும்பங்களுக்கு எந்த அளவு போய்ச் சேருகிறது என்பதை அறியவே.

சிறுவாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கணக்கெடுப்பு சேமிப்பைக் கேட்பதில்லை. சீட்டுப் பணம், கடன் தவணை, மகளிர் குழுவுக்குக் கட்டும் தொகை எதுவும் நுகர்வுச் செலவு ஆகாது. நீங்கள் சொன்னது உங்கள் கணவருக்குப் போகவும் போகாது. ஞாபகத்திலிருந்து சொல்லும் தொகை சற்றுக் கூடக்குறைய இருக்கும் என்பதை எதிர்பார்த்தே இத்தகைய கணக்கெடுப்புகள் அமைக்கப்படுகின்றன. குற்றம் செய்துவிட்டதாக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. வாரம் 150 ரூபாய் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 643 ரூபாய்; நால்வருக்குப் பகிர்ந்தால் உங்கள் வீட்டுச் செலவு தலைக்கு ஏறக்குறைய 161 ரூபாய் கூடுதலாகப் பதிவாகியிருக்கும். எனக்கு இதில் வருத்தம் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் மிச்சம் பிடித்த பணம், நீங்கள் சாப்பிட்ட காய்கறியாக எழுதப்பட்டுவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன், கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் ஆய்வுக்காகப் போயிருந்தேன். கணவர் திண்ணையில் இருந்தவரை வாரத்துக்கு எண்ணெய் ஒரு லிட்டர் என்று சொன்ன பெண், அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனதும், கடுகு டப்பாவைத் திறந்து நான்காக மடித்த ரூபாய்த் தாள்களைக் காட்டினார். "முக்கால் லிட்டர்னு எழுதிக்கோங்க ஐயா, ஆனா சத்தமா வாசிச்சிராதீங்க" என்றார். ஒரு குடும்பத்துக்கு ஒரே பணப்பை என்று நான் படித்திருந்த பாடம் அன்றைக்கு எனக்குப் போதாததாகத் தோன்றியது.

பொருளியலாளர்களும் நீண்ட காலம் குடும்பத்தை ஒரே ஆள்போலத்தான் கருதினார்கள். பணம் யார் கைக்கு வந்தாலும் செலவு ஒன்றுபோலவே இருக்கும் என்றார்கள். பிரிட்டனில் 1970களின் இறுதியில், தந்தையின் வரிச்சலுகையாக இருந்த குழந்தைகளுக்கான உதவி தாயின் கைக்குப் போகும் பணமாக மாறியபோது, ஆண்களின் உடையோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் உடைக்கான செலவு கூடியதை லுண்ட்பெர்க், பொல்லாக், வேல்ஸ் ஆகிய மூவர் 1997இல் காட்டினார்கள். குடும்பம் ஒத்துழைப்பும் முரண்பாடும் சேர்ந்தே இயங்கும் இடம் என்று அமர்த்தியா சென் எழுதியதும் இதைத்தான். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போவதன் பொருளும் இங்கே இருக்கிறது.

கணக்கெடுப்பை நடத்துகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கணவரையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்கும் உண்மை, அவசரத்தில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் கிடைக்காது. 2017-18இல் இதே போன்ற கணக்கெடுப்பை நாடு முழுவதும் எடுத்துவிட்டு, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019இல் முடிவுகளை வெளியிடாமலே விட்டார்கள். 2011-12க்குப் பிறகு 2022-23 வரை நம்மிடம் புதிய கணக்கே இல்லை. மூன்று முறை ஒரு வீட்டுப் படியேறி, ஒரு பெண்ணின் பல மணி நேரத்தை வாங்கிக்கொள்கிறவர்கள், "இந்த விவரத்தால் உங்கள் சலுகை எதுவும் போகாது" என்று தமிழில் நான்கு வரி அச்சடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனால், தாலுகா வாசலில் இருப்பவருக்கு இந்தப் பிழைப்பே இருக்காது.

கடைசியாக ஒன்று. அந்த மனிதரிடம் அட்டையின் நகலோ கைப்பேசி எண்ணோ ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அட்டையில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, பதிவான கைப்பேசிக்கு ஓடிபி வரும். அப்படி ஓர் எண் வந்து அவர் கேட்டால் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால், 1967 என்ற எண்ணுக்கு அழைத்து உங்கள் அட்டையில் ஐந்து பெயர்களும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.