வெயிலு, மலை, காத்து: குட்டி ஃப்ளைட் ஓட்டுறவங்களுக்கு ஒரு கேள்வி பதில்

அமெரிக்கால டென்வர் பக்கத்துல சென்டெனியல் ஏர்போர்ட்ல, செஸ்னா 172எஸ்-ங்கிற நாலு சீட்டு ஃப்ளைட்ல பாடம் எடுக்குறேன். ரன்வே இருக்குறதே 5,885 அடி உயரத்துல, ஜூலைல வெயிலும் சேர்ந்துக்கும். அது சம்பந்தமா என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

புதுப்பைலட்: அக்கா, டென்சிட்டி ஆல்டிட்யூட் ஃபார்முலாவ எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா மண்டைல ஏறல.

ஃப்ளைட்டுக்கு அடிக்கணக்கெல்லாம் தெரியாதுப்பா, காத்து எவ்ளோ அடர்த்தியா இருக்குன்னு மட்டும்தான் தெரியும். இப்ப இருக்குற காத்து, ஸ்டாண்டர்ட் கணக்குல எந்த உயரத்துக் காத்து மாதிரி மெலிசா இருக்கோ, அந்த உயரம்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட். ஸ்டாண்டர்ட் கணக்குல கடல்மட்டத்துல 15 டிகிரி, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும், அப்படிப் பாத்தா எங்க ரன்வேல 3 டிகிரிதான் இருக்கணும். மத்தியானம் 35 அடிக்குதுன்னு வை, 32 டிகிரி எக்ஸ்ட்ரா, டிகிரிக்கு 120 அடி, ஆக சுமார் 3,800 அடி கூடிப்போய் 9,700 அடியில நிக்குற. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்கு சுமார் 3 சதவீதம் பவர் இழக்கும், அதனால 180 குதிரைல கால்வாசிக்கு மேல காணாமப் போயிடும், ப்ரொப்பெல்லருக்கும் கடிக்கக் காத்து இல்ல, விங்குக்கும் இல்ல. மூணும் ஒரே நேரத்துல.

ஜக்கூர்வாசி: நாங்க பெங்களூர்ல ஜக்கூர்ல பறக்குறோம், இங்க மலையெல்லாம் இல்லையே, இது எங்களுக்கு எதுக்கு?

மலை கண்ணுக்குத் தெரியலன்னா உயரம் இல்லன்னு அர்த்தம் இல்ல. ஜக்கூரே கிட்டத்தட்ட 3,000 அடி. ஏப்ரல்ல 34 டிகிரி வந்தா நீங்க 6,000 அடியில இருந்து டேக் ஆஃப் பண்றீங்க. போட்டுப் பாருங்க.

மிக்ஸ்சர் குழப்பம்: செக்லிஸ்ட்ல மிக்ஸ்சர் ரிச்னு இருக்கு, இன்ஸ்ட்ரக்டர் லீன் பண்ணுங்கிறார், யார் சொல்றது சரி?

மிக்ஸ்சர்ங்கிறது எஞ்சினுக்குப் போற பெட்ரோல்-காத்து கலவை, ரிச்னா பெட்ரோல் ஜாஸ்தி, லீன்னா கம்மி. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், செக்லிஸ்ட்ட முழுசாப் படிச்சா தெரியும். 172எஸ் மேனுவலே சொல்லுது, 3,000 அடிக்கு மேல இருக்குற ரன்வேல டேக் ஆஃப்க்கு முன்னாடி ஃபுல் த்ராட்டில் குடுத்து ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) அதிகபட்சம் வர்ற வரைக்கும் லீன் பண்ணுன்னு. காத்து கம்மியா இருக்குற இடத்துல பெட்ரோல மட்டும் அள்ளி ஊத்துனா எஞ்சின் இருமும், இருக்குற பவரும் போகும். ஆனா நான் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட அதிகமாப் பாக்குறது லேண்டிங்ல: கடல்மட்டத்துல கத்துக்கிட்டு வந்தவங்க பழக்கதோஷத்துல ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா இறங்குற கடைசிக் கட்டத்துல, மிக்ஸ்சர முழுசா உள்ள தள்ளி ரிச் ஆக்கிடுவாங்க, அடுத்த நிமிஷமே கோ அரவுண்ட் (இறங்காம திரும்ப ஏறுறது) வந்தா எஞ்சின் தடுமாறும். டேக் ஆஃப்க்கு செட் பண்ண அளவுலயே லேண்டிங்குக்கும் வெச்சுக்கோங்க. அதே மாதிரி தாழ்வான கான்சஸ் பக்கம் கீழ இறங்குறப்ப மறக்காம ரிச் பண்ணணும்.

ஆரோரா அண்ணாச்சி: ஊர்ல இருந்து மச்சானும் தங்கச்சியும் வந்துருக்காங்கம்மா, லெட்வில் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், லைசன்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு.

அண்ணாச்சி, ஆசை புரியுது, அங்க இறங்குனா சர்டிஃபிகேட் வேற குடுப்பாங்க. ஆனா லெட்வில் 9,934 அடி, வட அமெரிக்காவுலயே உயரமான பப்ளிக் ஏர்போர்ட். 22 டிகிரி, ஜம்முன்னு இருக்கேன்னு தோணும், அதுவே டென்சிட்டி ஆல்டிட்யூட் 13,000 தாண்டிடும். 172எஸ்-ஓட சர்வீஸ் சீலிங் 14,000, அந்த உயரத்துல ஃபுல் வெயிட்ல நிமிஷத்துக்கு 100 அடிதான் ஏறும். மூணு பேரோட அங்கேருந்து கிளம்பி எதுக்கு மேல ஏறப்போறீங்க?

இதுல மோசமான விஷயம் என்னன்னா ஃப்ளைட் தரைய விட்டுக் கிளம்பிடும். விங் ஸ்பான் உயரத்துக்குள்ள, அதாவது 36 அடிக்குக் கீழ, கிரவுண்ட் எஃபெக்ட் (தரை பக்கத்துல காத்தோட இழுவை குறையுறது) தாங்கிப் பிடிக்கும், அதத் தாண்டி ஏறாது, ரன்வே முடிஞ்சு மரம் வந்துடும். 2012-ல ஐடஹோல புரூஸ் மெடோஸ்ங்கிற இடத்துல நாலு பேரோட கிளம்பின ஒரு ஸ்டின்சன் குட்டி ஃப்ளைட் இப்படித்தான் ஏற முடியாம மரத்துல போய் விழுந்துச்சு, நாலு பேரும் பொழச்சாங்க, உள்ள இருந்த கேமரால எல்லாம் பதிவாச்சு. தேடிப் பாருங்க, எஞ்சின் பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கும்.

முதல்ல ஒரு மவுண்டன் இன்ஸ்ட்ரக்டரோட நீங்க மட்டும், அரை டேங்க்ல, காலைல போயிட்டு வாங்க. பெட்ரோல் காலனுக்கு 6 பவுண்ட், ஃபுல் டேங்க்ல உபயோகப்படுறது 53 காலன், கிட்டத்தட்ட 320 பவுண்ட், ரெண்டு ஆள் வெயிட்டு. மச்சானையும் தங்கச்சியையும் கார்ல கூட்டிட்டுப் போங்க, வழியும் அழகுதான்.

ஃப்ளேர் பயம்: இங்க லேண்டிங்ல தரை ரொம்ப வேகமா ஓடுற மாதிரி இருக்கு, அப்ப ஸ்பீட குறைக்கணுமா கூட்டணுமா?

ரெண்டும் வேண்டாம். ஸ்பீட் மீட்டர்ல எப்பவும் காட்டுற அதே 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) தான். டென்சிட்டி ஆல்டிட்யூட் 9,700-ல அது நிஜத்துல 75 நாட், அதான் தரை பறக்குது, ரன்வேயும் அதுக்கேத்த மாதிரி கூடத் தின்னும். கண்ண நம்பி மூக்கத் தூக்குனா ஸ்டால் (விங் தாங்கிப் பிடிக்காமப் போறது) பக்கம் போயிடுவீங்க, அதுலயும் பேஸ்லேருந்து (ரன்வேக்கு குறுக்கா வர்ற கட்டம்) ஃபைனல் திரும்புறப்ப இத செஞ்சா உயிர் போற விஷயம்.

கஸ்ட்டு: காத்து 230-லேருந்து 14 நாட், கஸ்ட் 24, ரன்வே 17. போலாமா?

ரன்வே 17-ன்னா 170 டிகிரி திசை, காத்து 230-லேருந்து, ஆக 60 டிகிரி கோணம், கிராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காத்து) 12, கஸ்ட்ல (திடீர்னு வேகமா வீசுறப்ப) 21. மேனுவல்ல டெமான்ஸ்ட்ரேட் பண்ணதா, அதாவது டெஸ்ட்ல செஞ்சு காட்டினதா, 15 போட்டிருக்கு. அது லிமிட் இல்லன்னு வாதாடுற ஆளுங்க உண்டு, சட்டப்படி சரிதான், ஆனா சோலோ ஸ்டூடண்ட் அந்த வாதத்த ரன்வே ஓரத்துல நின்னு பண்ண வேண்டியிருக்கும். நான் அனுப்ப மாட்டேன். இன்ஸ்ட்ரக்டரோட போனா கஸ்ட் வித்தியாசம் 10, அதுல பாதி 5, அத அப்ரோச் ஸ்பீட்ல சேத்துக்கோங்க, ஃப்ளாப் (விங்குக்குப் பின்னாடி இறக்குற மடல்) கம்மியா வெச்சுக்கோங்க. உருண்டு நிக்குற வரைக்கும் எய்லரான் (ஃப்ளைட்ட சாய்க்குற விங் நுனி மடல்) காத்துப் பக்கமே இருக்கணும், டயர் தொட்டதும் கைய விடுறவங்கதான் ஜாஸ்தி.

சொல்லப்போனா கஸ்ட்ட விட எனக்கு காத்தே இல்லாத சூடான மத்தியானம்தான் கவலை. கஸ்ட் இருந்தா எல்லாரும் உஷாரா இருப்பாங்க. அமைதியா இருக்குற நாள்ல யாரும் கணக்கு போடுறதில்ல, ஹெட்விண்டும் (எதிர்க்காத்தும்) இல்லாம ரன்வே முழுக்க ஓடுவாங்க.

குலுக்கல்: டர்புலன்ஸ்ல 105 நாட் வரைக்கும் ஓகே தானே?

ஃபுல் வெயிட்டுக்குத்தான் அது. 2,550 பவுண்டுக்கு 105, 2,200-க்கு 98, 1,900-க்கு 90. லேசா இருக்குற ஃப்ளைட்ட காத்து ஜாஸ்தியா தூக்கி அடிக்கும், அதனால தனியா போறப்ப இன்னும் மெதுவா போகணும்.

சோம்பேறி: காலைல 6 மணி ஸ்லாட் தவிர வேற கிடைக்காதா அக்கா?

கிடைக்கும், யாருக்கும் வேண்டாத மத்தியான ஸ்லாட் நிறைய இருக்கு. கோடைல இங்க மதியத்துக்கு மேல மேகம் கட்டும். மழை தரைக்கு வராம பாதியிலயே ஆவியாகித் தொங்குறது விர்கா, அது கீழ போகாதீங்க, ஆவியாகுறப்ப காத்து குளிர்ந்து கல்லு மாதிரி கீழ விழும், அதான் மைக்ரோபர்ஸ்ட். 1982-ல இத ஆராய்ச்சி பண்ண டென்வரோட பழைய ஸ்டேபிள்டன் ஏர்போர்ட்டதான் தேர்ந்தெடுத்தாங்க, அவ்ளோ ஃபேமஸ் நாங்க.

கடைசி கேள்வி: டேக் ஆஃப் ரோல்ல, இது ஆகாதுன்னு எப்படி முடிவு பண்றது?

கிளம்புறதுக்கு முன்னாடியே பண்ணிடணும். ரன்வேல பாதி தூரம் எங்கன்னு ஒரு டாக்ஸிவேயோ போர்டோ அடையாளம் வெச்சுக்கோங்க, அங்க வர்றப்ப டேக் ஆஃப் ஸ்பீட்ல 70 சதவீதம் வரலன்னா த்ராட்டில இழுத்துடுங்க. 55 நாட்ல தூக்குறதுன்னா 39 நாட். அந்த நம்பர வாய்விட்டு சொல்லிட்டு பிரேக்க ரிலீஸ் பண்ணுங்க. 37 இருந்துச்சு, சரி போயிடலாம்னு நினைச்சேங்கிற கதையெல்லாம் வேண்டாம், திரும்பி வந்து பெட்ரோல் கொஞ்சம் இறக்குங்க, இல்ல சாயங்காலம் வரைக்கும் டீ குடிங்க.