மேடையில் பாடகி, திரையில் வேறொருத்தி

கேள்வி: ஹாங்காங்கில் கான்டனீஸ் (அங்கே பேசப்படும் சீன மொழி) பாப் பாடகிகள் பலர் திரைப்பட நடிகைகளாகவும் வலம் வந்தார்கள். பாட்டில் கிடைத்த புகழைத் தவிர அவர்களிடம் நடிப்பும் இருந்ததா?

பதில்: எல்லோரிடமும் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகிவிடும். 1980களின் ஹாங்காங்கில் பாடகருக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டாலே தயாரிப்பாளர்கள் தேடி வந்தார்கள். அப்படி வந்த பலர் கதாநாயகனின் காதலியாக ஓரிரு காட்சிகளில் சிரித்துவிட்டுப் பாட்டுக்கே திரும்பினார்கள். அந்த வரிசையிலிருந்து தெளிவாக விலகி நிற்பவர் அனிட்டா மூய்.

1963இல் பிறந்த அவர், ஐந்து வயதை ஒட்டியே தம் அக்காளுடன் பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் இரவு விடுதிகளிலும் பாடிச் சம்பாதிக்கத் தொடங்கினார். 1982இல் டி.வி.பி. தொலைக்காட்சியின் புதுமுகப் பாடகர் போட்டியில் முதற்பரிசு பெற்றபோது பத்தாண்டுகளுக்கும் மேலான மேடை அனுபவம் அவருக்கு இருந்ததால், அந்தப் 'புதுமுகம்' என்ற பட்டம் சற்று வேடிக்கையானதுதான். பெண்களிடம் அரிதாகக் கேட்கும் கனத்த கீழ்ஸ்தாயிக் குரலும், பாட்டுக்குப் பாட்டு மாறும் கோலமும், ஆண் உடையில் வந்து நிற்கும் துணிச்சலும் அவரை உச்சத்தில் வைத்தன. 1985 முதல் 1989 வரை டி.வி.பி.யின் ஆண்டுப் பரிசுகளில் சிறந்த பாடகி அவரே.

இத்தகைய ஆர்ப்பாட்டமான மேடைக்காரரிடமிருந்து இயக்குநர் ஸ்டான்லி குவான் வாங்கிக்கொண்டது முற்றிலும் வேறொன்று. 'ரூஜ்' என்ற படத்தில், 1930களில் காதலனோடு சேர்ந்து உயிரை விட முடிவெடுத்த கணிகை ஒருத்தி, அவனைத் தேடி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நவீன ஹாங்காங்கிற்கு ஆவியாகத் திரும்பி வருகிறாள். பேய்ப்படத்துக்குரிய மிரட்டல் எதுவும் இல்லாமல், தாழ்ந்த குரலாலும் அளந்து வைக்கும் நடையாலும் மட்டுமே அவள் இக்காலத்தவள் அல்லள் என்பதை அனிட்டா மூய் உணர்த்திவிடுகிறார். அந்த நடிப்புக்குத் தைவானின் தங்கக் குதிரை விருதும் ஹாங்காங் திரைப்பட விருதும் கிடைத்தன. எதிரே காதலனாக நடித்த லெஸ்லி சியுங்கும் பாடகர்தான் என்பதால், உங்கள் கேள்விக்கு இந்த ஒரு படமே இரண்டு சாட்சிகளைத் தருகிறது.

கேள்வி: நடிகையான பிறகு அவர் பாட்டை விட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. 1990இல், இளையவர்களுக்கு வழிவிடுவதற்காக இனிப் பாட்டுக்கான போட்டிப் பரிசுகளை ஏற்பதில்லை என்று அறிவித்தாரே தவிர, பாடுவதை நிறுத்தவில்லை. சண்டைப் படமும் நகைச்சுவையும் அவருக்குக் கைவந்தன. 1994இல் வெளிவந்த 'டிரங்கன் மாஸ்டர் 2' படத்தில், தம்மைவிட ஒன்பது வயது மூத்த ஜாக்கி சானுக்குச் சிற்றன்னையாக நடித்துச் சிரிக்க வைத்தார். அந்தப் படத்தில் ஜாக்கி சானின் சண்டைக்குச் சற்றும் குறையாத ரசனையை அவருடைய பாத்திரம் தருகிறது என்பது என் கருத்து.

கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையிலும் 2003 நவம்பரில் ஹாங்காங் கொலீசியத்தில் எட்டு இரவுகள் பாடினார்; அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், 40ஆவது வயதில் காலமானார். இயக்குநர் சாங் யிமூ தமது அடுத்த படத்தில் அவருக்கென வைத்திருந்த பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல், கதையிலிருந்தே நீக்கிவிட்டார்.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: 'ரூஜ்' முதலில். அதன் பிறகு, ஆன் ஹூய் இயக்கி 2002இல் வந்த 'ஜூலை ராப்சடி'யைப் பாருங்கள். அதில் அவர் ஓர் ஆசிரியரின் மனைவி. ஒப்பனையும் ஆடம்பர உடையும் இல்லாத ஒரு சாதாரணக் குடும்பப் பெண்.